வீட்டுத் தோட்டத்தில் குட்டைத் தக்காளி

பெங்களூரின் முதன்மை ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளில், வீட்டுத் தோட்டம் என்பது பெரும்பாலும் மொட்டை மாடியில் வைக்கப்பெறும் சில தொட்டிகளேயாகும். அத்தகைய இடத்திற்கு ஓங்கி வளரும் தக்காளி ஏற்றதன்று. குட்டை இனங்களே தக்கவை. ஆயினும், ‘குட்டை’ என்னும் ஒரே சொல் இரு வேறு இயல்புகளைக் குறிக்கின்றது. அவற்றைப் பிரித்தறியாது எல்லாச் செடிகளிலும் பக்கத் தளிர்களைக் கிள்ளுவோர், காய்க்க வேண்டிய கிளைகளையே இழந்துவிடுகின்றனர்.

இருவகைக் குட்டை

முதலாவது, வரம்புடைய வளர்ச்சி. சாதாரணத் தக்காளியின் தண்டில் ஏறக்குறைய மூன்று இலைகளுக்கு ஒரு பூங்கொத்து தோன்றும்; இவ்வரிசை முடிவின்றித் தொடரும். 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இயற்கையாகத் தோன்றிய ஒரு திடீர் மாற்றம் இந்த ஒழுங்கை மாற்றியது. அம்மாற்றத்தைப் பெற்ற செடிகளில் பூங்கொத்துகளுக்கிடையே உள்ள இலைகள் படிப்படியாகக் குறைந்து, இறுதியில் தண்டு ஒரு பூங்கொத்துடன் முடிவடைகின்றது. ஆதலின் செடி புதர்போல் அடங்கி நின்று, குறுகிய காலத்திற்குள் ஒருசேரக் காய்க்கின்றது.

இரண்டாவது, உண்மையான குட்டைத்தன்மை. வளர்ச்சியை ஊக்கும் ‘பிராசினோஸ்டீராய்டு’ என்னும் ஹார்மோன் உருவாவதற்கு உதவும் ஒரு ஜீன் பழுதுபடுவதால் இது நேர்கின்றது. கணுவிடைகள் குறுகியும், தண்டு பருத்தும், இலைகள் கரும்பச்சையாகச் சுருக்கம் விழுந்தும் காணப்படும். இத்தகைய செடி மெதுவாக வளரினும், அதன் வளர்ச்சிக்கு முடிவு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. இவ்விரு இயல்புகளும் ஒருங்கே அமைந்த ‘மைக்ரோ-டாம்’ என்னும் சிற்றினம் 1989இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பெற்றது. ஏறக்குறைய ஒரு சாண் உயரமே வளரும் இச்செடி, இன்று பல நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் பயன்படுகின்றது.

இனத்தேர்வு

நம் நாட்டு இனங்களுள், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 இனத்திலிருந்து திடீர் மாற்றத்தின் வாயிலாக உருவாக்கிய கோ 3 (மருதம்) அடக்கமாக வளர்வது. நெருக்கி நடுவதற்கும் ஏற்றது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அர்க்கா ரக்ஷக், இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் எதிர்க்க வல்லது. இது ஓரளவே வரம்புடையது. ஆகவே ஊன்றுகோல் இன்றியமையாதது. இது கலப்பின வீரிய ரகமாதலின், பழத்திலிருந்து எடுத்த விதையை மீண்டும் விதைத்தால் தாய்ச்செடியின் இயல்புகள் ஒருசீராக அமையா.

பயிரிடும் முறை

இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பின் காய் நன்கு பிடிக்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி இதற்கு ஏற்றது. கோடையின் உச்சத்தில் பூ உதிர்தல் மிகும்.

வரம்புடைய இனங்களுக்கு 10 முதல் 15 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும். சிற்றினங்களுக்கு 2 அல்லது 3 லிட்டர் போதும். செம்மண், மட்கிய தொழு உரம், பதப்படுத்திய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். நாற்றுகளை 25 நாள்வரை நுண்ணிய வலைக்குள் வளர்த்தால், இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கள் அணுகா. நீரை ஒருசீராக ஊற்றுதல் வேண்டும். காயவிட்டுப் பின் மிகுதியாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்களைச் சென்றடையாது, அவற்றின் நுனி கருத்து அழுகும்.

வரம்புடைய செடியில் பக்கக் கிளைகளைக் கிள்ளலாகாது. விளைச்சலில் பெரும்பகுதி அவற்றிலேயே உண்டாகின்றது. மண்ணைத் தொடும் அடியிலைகளை மட்டும் நீக்கினால் போதும். அறுவடை ஒருசேர முடிந்துவிடுமாதலால், எல்லாத் தொட்டிகளிலும் ஒரே நாளில் நடாமல், ஐந்து அல்லது ஆறு வார இடைவெளியில் பகுதி பகுதியாக நடுக. அப்போதுதான் அடுப்படிக்குத் தொடர்ந்து பழம் கிடைக்கும்.

இலைகள் பசுமை மாறாமலே செடி திடீரென வாடினால், அடித்தண்டைக் குறுக்கே வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிடுக. சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோயே. அத்தொட்டியின் மண்ணைக் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றிற்கும் பயன்படுத்தலாகாது.

பள்ளியில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் மெய்ப்பித்துக் காட்டலாம். வரம்புடைய ஒரே இனத்தில் ஆறு செடிகளை ஒரே அளவுத் தொட்டிகளில் வளர்த்து, மூன்றில் பக்கத் தளிர்களைக் கிள்ளி, எஞ்சிய மூன்றை அவ்வாறே விடுக. மாணவர்கள் பூங்கொத்துகளுக்கிடையே உள்ள இலைகளை எண்ணியும், பழங்களை நிறுத்தும் குறித்து வருவாராக. விரிவாக்க ஊழியரும் ஒரு வீட்டில் யோசனை கூறுமுன், செடியின் உயரத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், அவ்விலைகளை முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று.