எண்பதாயிரம் பேரின் ஜனாதிபதி

2022 ஜூலை 20 அன்று ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் 134 வாக்குகள் பெற்று ஜனாதிபதியானபோது, "நாங்க வோட்டுப் போடாம எப்படி ஒருத்தர் ஜனாதிபதியாக வாறது?" என்று நம்மூரில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஜனாதிபதி இடைநடுவில் பதவி விலகினால், எஞ்சிய காலத்துக்கு மட்டும் பாராளுமன்றம் ஒருவரைத் தெரிவு செய்யலாம் என்கிறது நமது அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரை.

இதையே மறைமுகத் தேர்தல் என்கிறோம். 'மறைமுகம்' என்றதும் களவு என்று எண்ண வேண்டாம். 'நேரடி' என்பதற்கு எதிர்ச்சொல், அவ்வளவே. குடிகளின் சார்பில் மரைக்காயர்மார் கூடிப் பள்ளிவாசல் காரியங்களை முடிவு செய்த பழைய வழக்கமும் ஏறக்குறைய இத்தகையதே. ஆகவே முறையில் குற்றமில்லை. இடையில் நிற்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளப் பாகிஸ்தானின் 1965ஆம் ஆண்டுத் தேர்தலைப் போல இன்னொரு பாடமில்லை.

1958 ஒக்டோபரில் இராணுவச் சட்டத்தின் துணையோடு ஆட்சியைப் பிடித்தவர் தளபதி அயூப்கான். மறு ஆண்டே 'அடிப்படை ஜனநாயகம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். கிழக்கில் 40,000, மேற்கில் 40,000 என மொத்தம் 80,000 உள்ளூர் உறுப்பினர்களை மக்கள் தெரிவு செய்வார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர். 1960 பெப்ரவரியில் அவர்களிடம் அயூப் நம்பிக்கை வாக்குக் கேட்டார். நூற்றுக்கு 95க்கு மேல் 'ஆம்' விழுந்தது. 1962 அரசியலமைப்பு ஜனாதிபதியைத் தெரியும் உரிமையையும் இவர்களிடமே கொடுத்தது.

இந்த உறுப்பினர்களின் நிலை என்ன? ஊருக்குப் பாதை வேண்டும், பாலம் வேண்டும் என்றால் அதற்கான பணம் அரசிடமிருந்து வரவேண்டும். இவர்களுக்கு மேலிருந்த மாவட்ட சபைக்குத் தலைவர் அரசாங்க அதிகாரி. மக்கள் தெரிவு செய்தவர்தான். ஆனால் கயிறு அதிகாரியின் கையில்.

எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி, முகம்மதலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னாவை நிறுத்தின. அவருக்கு அப்போது 71 வயது. சின்னம் லாந்தர் விளக்கு. கூட்டங்களில் சனம் கடலாய்த் திரண்டது. ஆனால் அந்தச் சனத்துக்கு வாக்கில்லை.

பெண் நாட்டுத் தலைவராகலாமா என்ற கேள்வி அப்போதுதான் மேடைக்கு வந்தது. கூடாது என்று உலமாக்கள் சிலர் ஆளும் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 1961இல் உலமாக்கள் பலரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் குடும்பச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இதே அயூப்தான். மறுபக்கம், பெண் தலைமையை ஏற்காத மௌலானா மௌதூதி, சர்வாதிகாரத்தை விட இது சிறிய தீங்கு என்று பாத்திமாவை ஆதரித்தார். ஃபிக்ஹுச் சட்டத்தை உலமாக்கள் ஆராயட்டும். அது வேறு விடயம். ஆட்சியாளருக்குத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் எழுப்பப்படும் மார்க்கக் கேள்வியைக் குறித்து நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

1965 ஜனவரி 2ஆம் திகதி முடிவு: அயூப் 49,951, பாத்திமா 28,691. கராச்சியும் டாக்காவும் பாத்திமாவின் பக்கம் நின்றன. கிழக்கில் அயூபுக்கு 21,012, பாத்திமாவுக்கு 18,434. அந்தக் கயிற்றையும் மீறி விழுந்த இந்த வாக்குகள் கிழக்கின் மனக்குறையைச் சொல்லின. கேட்கத்தான் ஆளில்லை. ஆறாண்டுகளில் அப்பகுதி பங்களாதேஷ் என்று பிரிந்தது.

அயூபும் நிலைக்கவில்லை. மக்கள் வீதிக்கு இறங்கவே 1969 மார்ச் 25இல் விலகினார். அவரது அரசியலமைப்பின்படி சபாநாயகர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். ஆனால் ஆட்சியை அவர் ஒப்படைத்தது இராணுவத் தளபதி யஹ்யா கானிடம். தாம் எழுதிய சட்டத்தைத் தாமே நம்பவில்லை!

2007 ஒக்டோபர் 6இல் இதே கதை வேறு உருவில் வந்தது. பர்வேஸ் முஷர்ரப் இராணுவத் தளபதியாக இருந்துகொண்டே சட்டசபைகளின் வாக்கால் ஜனாதிபதியானார். எதிரணியினர் பெரும்பாலும் வாக்களிப்பில் பங்கேற்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் அவரும் விலக நேர்ந்தது.

"அது பாகிஸ்தான்ட கதை, எங்களுக்கென்ன?" என்று விடலாகாது. 2022இல் வாக்களித்தவர்களும் நாம் அனுப்பியவர்களே. நமக்காக ஒருவர் வாக்களிக்கப் போகும்போது அவரது கயிறு எவர் கையில் என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நம் கடமை.