விரிசல் விட்ட ஸ்டீரிங்

லண்டன் ஆக்டனில் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் கிடங்கு இருக்கிறது. பழைய சிவப்புப் பேருந்துகள் அங்கே அடைக்கலம். 1939 முதல் 1954 வரை தயாரான ஆர்.டி. வகைப் பேருந்துகளுக்குப் பவர் ஸ்டீரிங் கிடையாது. முழுக்க முழுக்கக் கைபலம்தான், அதனால் சக்கரமும் பெரிது. லண்டனில் ஓடிக் களைத்த இவற்றில் பல பின்னர் கொழும்புத் தெருக்களிலும் ஓடின.

அந்தக் காலத்து ஸ்டீரிங்குகள் பலவற்றில் உள்ளே இரும்பு வளையம், மேலே எபோனைட் உறை. எபோனைட் என்பது கந்தகத்தை ஏராளமாகச் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். கந்தகத்தால் ரப்பரைப் பதப்படுத்த இங்கிலாந்தில் 1843இல் காப்புரிமை கேட்டவர் லண்டனில் தொழிற்சாலை நடத்திய தாமஸ் ஹான்காக். தாத்தாவின் கறுப்பு மைப்பேனா தவிட்டு நிறமாகிக் கிடந்தால், அதுவும் இதே சரக்குதான். வெயிலும் ஈரமும் பட்டால் மேற்பரப்பின் கந்தகம் மெல்ல அமிலமாகிறது, பளபளப்பு போகிறது.

விரிசலுக்குக் காரணம் வேறு. சூட்டில் எபோனைட் இரும்பைவிடப் பல மடங்கு விரியும், குளிரில் அதே அளவு சுருங்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டு இருப்பதால் இழுபறி; பெரும்பாலும் ஆரக்கால் சேரும் இடத்தில் உறை பிளக்கிறது. பிளவில் ஈரம் இறங்கி இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், பிளவு இன்னும் அகலும்.

ஆகவே மேலே பசை பூசி மறைத்தால் ஆறு மாதம்கூடத் தாங்காது என்பது என் கணிப்பு. சுத்தியலால் தட்டாமல், புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டு ஸ்டீரிங் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் தண்டிலும் குடத்திலும் அடையாளம் போட்டுக்கொண்டால் திரும்ப நேராக உட்காரும். கை எண்ணெய் போகச் சோப்பு நீரில் கழுவி, முக்கோண அரத்தால் பிளவை இரும்பு தெரியும்வரை அகலப்படுத்த வேண்டும். பார்க்கவே மனசு கேட்காது, ஆனால் துருவை எடுக்க வேறு வழியில்லை. பிறகு இரு கலவை எபாக்சியைக் கொஞ்சம் மேடாகவே நிரப்பி, ஒரு நாள் இறுக விட்டு, ஈர உப்புத்தாளால் தேய்ப்பார்கள். உலர்ந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. கடைசியில் பெயின்ட். கண்ணாடிபோல் மின்னவிடுவது எனக்குப் பிடிக்காது. வியர்த்த கை வழுக்கும்.

உறைக்குத்தான் இந்த வைத்தியம். இரும்பிலேயே, ஆரக்காலிலோ குடத்திலோ, விரிசல் இருந்தால் வேறு சக்கரம் தேடுவதுதான் சரி. பிரிட்டனில் 2018 முதல் 40 வயது தாண்டிய பெரும்பாலான கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனால் அந்த விரிசலைக் கண்டுபிடிக்க வேண்டியவர் வண்டிக்காரரேதான்.