ஏழு நாள் வானமும் ஒரு பாவும்

கூட்டுறவுத் தணிக்கைக்குச் செல்வோர் பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் பார்ப்பார்களேயன்றி வானத்தைப் பார்ப்பதில்லை. நாமும் அவ்வாறே இருந்தோம். சென்ற ஐப்பசி முதல் வாரத்தில், ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்க்கத் தங்கியிருந்தோம். வானமும் ஒரு கணக்குப் புத்தகமே என்பதை அந்த ஏழு நாட்கள் நமக்குக் கற்பித்தன. அங்கும் வரவின்றிச் செலவு எழுதப்படுவதில்லை.

திங்கட்கிழமை காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அதனை நம்பி, முதிய அங்கத்தினர் ஒருவர் பிற்பகலில் தெருவிலே பாவை நீட்டிக் கஞ்சி போட்டார். மூன்று மணிக்கு மேற்கே மேகம் குவிந்தது. நான்கு மணிக்குள் கஞ்சி கரைந்து, இழையோடு இழை ஒட்டிப் பாவு சேற்றிலே கிடந்தது.

"காலையிலே ஒரு பொட்டு மேகம் இல்லைங்க ஐயா, வானம் ஏமாத்திப் போட்டது" என்றார் அவர்.

வானம் ஏமாற்றவில்லை என்பதே நாம் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த உண்மை. அன்றைய காலைத் தெளிவுதான் மாலை மழையின் முதல் காரணம். முந்திய மழையால் மண் ஈரமாயிருந்தது. மறைப்பில்லாத வெயில் அந்த ஈரத்தை ஆவியாக்கிற்று. தரையையொட்டிய காற்றும் சூடேறி மேலெழுந்தது. உயரச் செல்லும் காற்று விரிந்து குளிரும். மேகமாகும் வரையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி வீதம் குளிரும். குளிர்ந்தபோது ஆவி நுண்ணிய தூசுகளைப் பற்றித் துளியாயிற்று. ஆவி நீராகும்போது அதனுள் அடங்கியிருந்த வெப்பம் வெளிப்பட்டு, மேகத்தை மேலும் உயரத் தள்ளும். இப்படி வளர்ந்த மேகம் 10 கிலோமீட்டருக்கு மேலும் எழக்கூடும். அவ்வுயரத்தில் பனித்துகள்களும் சிறு பனிக்கட்டிகளும் மோதுவதால் மின்னூட்டம் பிரிகிறது; அதுவே மின்னலாகிறது.

இத்தகைய மழை வருமுன் ஓர் எச்சரிக்கை வருகிறது. விழும் மழை தன்னோடு குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்து வரும். அக்காற்று தரையில் பரவி மழைக்கு முன்னே ஓடிவரும். புழுக்கமான பிற்பகலில் சட்டென்று சில்லென்ற காற்று வீசினால், பாவைச் சுருட்டச் சில நிமிடங்களே மிச்சம் என்று அறிக. வயலில் இருப்போர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. மின்னலுக்குப் பின் இடி கேட்க 3 விநாடியாயின் அது சுமார் 1 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. 30 விநாடிக்குள் கேட்டால் மரத்தடியை நாடாமல் கட்டடத்துக்குள் செல்லவேண்டும்.

செவ்வாய் விடியலில் வாய்க்காலோரத்து வயல்களில் மூடுபனி நின்றது. அது மழைக்கு அறிகுறியென்று சிலர் அஞ்சினர். இரவிலே வானம் தெளிந்திருந்ததால் தரை தன் வெப்பத்தை வானில் இழந்தது. அதனையொட்டிய ஈரக்காற்று குளிர்ந்து பனியாயிற்று. மேகம் ஒரு போர்வை. அது மூடியிருக்கும் இரவில் தரையின் சூடு எளிதில் வெளியேறாது. ஆதலால் பனியும் குறைவு. போர்வை நெய்யும் ஊரார்க்கு இதை விளக்க நமக்கு அதிகச் சொற்கள் தேவைப்படவில்லை.

புதனும் வியாழனும் வேறு வகை. வங்கக் கடலில் காற்றழுத்தம் குறைந்து, கீழைக்காற்று ஈரத்தைக் கொணர்ந்தது. வானம் முழுவதும் சாம்பல் நிறப் படலம்; இடியில்லை; தூறல் ஓயவில்லை. குவிமேகத்து மழை பெரும்பாலும் ஓரிரு மணியில் தீரும். படலமேகத்து மழை நாள் முழுதும் நீடிக்கலாம். களத்தில் கடலைக்காய் உலர்த்தியிருந்தோர் இரண்டு நாளும் அதனை மூடியே வைத்தனர். ஈரக்காயில் பூஞ்சணம் பிடித்தால் நஞ்சுண்டாகும். ஆயினும் அதே மழை புன்செய்க்கு வரவாயிற்று. 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் நீர் சுமார் 1 லட்சம் லிட்டர். வரப்பு உயர்த்தியவர்க்கே அது நிலத்தில் தங்கும்.

வெள்ளியன்று வெயில் திரும்பியது. தறிக்குழியில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார், ஆடிக்காற்றில் இழை அதிகம் அறுவதேன் என்று வினவினார். மேற்குத்தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக அக்காற்று விரைந்து வருகிறது. மழையின் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே இறக்கிவிட்டு, நம்பக்கம் வறண்டு சேர்கிறது. பருத்தி நூலுக்கு ஈரம் வலுவூட்டும். வறட்சி அதனை முறியச் செய்யும். தறிக்குழியின் ஈரத்தை முன்னோர் வீணாகப் போற்றவில்லை.

சனிக்கிழமை நிர்வாகக் குழு கூடிற்று. நூல் சங்கத்தின் உடைமை. ஆதலின் கெட்ட நூலின் விலையை அம்முதியவர் பேரில் பற்று எழுதவேண்டும் என்பதே விதி. அதனைச் சுட்டவேண்டியவரும் நாமே. சுட்டினோம். அவர் ஒன்றும் பேசாது தலைகுனிந்து நின்றார். அப்போது இளைய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "இன்னிக்கு அவருக்கு, நாளைக்கு யாருக்கோ" என்றார். அதன்பின் விவாதம் திசை மாறியது. அலசி மீண்டும் கஞ்சி போடத்தக்க நூலைப் பிரித்தெடுக்கவும், எஞ்சிய இழப்பைப் பொதுப்பேரவையின் முடிவுக்கு வைக்கவும், ஐப்பசி கார்த்திகையில் விடியலிலே பாவு போட்டு உச்சிக்கு முன் சுருட்டவும் தீர்மானித்தனர். கூரையிட்ட பாவுக்கூடம் ஒன்றைப் பொது நிதியிலிருந்து அமைக்கும் யோசனையும் குறிப்பேட்டில் ஏறிற்று.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தோன்றியது. விவசாயிகளுக்கான மேகதூது செயலி 2019இல் வெளிவந்தது. கைபேசியுள்ள ஓர் அங்கத்தினர் காலைதோறும் முன்னறிவிப்பைச் சங்கப் பலகையில் எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். ஆனால் அவ்வறிவிப்பு நம் தெருவுக்கென்று வருவதன்று. தெருவின் வானத்தை நாமே பார்த்தல் வேண்டும்.

ஞாயிறன்று நாம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது இன்னும் விடியவில்லை. விளக்கொளியில் அம்முதியவர் புதிய பாவை நீட்டிக்கொண்டிருந்தார். அண்டை வீட்டார் மூவர் மறுமுனையைப் பிடித்திருந்தனர்.