நெய்வேலி நகரியத்தில் அக்கம்பக்கம்

2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 1,27,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நெய்வேலி நகரியத்தில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,05,731 பேரே இருந்தனர். தமிழ்நாட்டின் நகரங்களில் பெரும்பாலானவை பெருத்துக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டுகளில், அகன்ற சாலைகளும் குடிநீரும் மருத்துவமனையும் பள்ளிகளும் நிழல்மரங்களும் வாய்த்த ஓர் ஊரிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குறைந்துபோனது, அக்கம்பக்க உறவு தேய்ந்துவிட்டதா என்று பரவலாக எழுப்பப்படும் கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து அணுக வைக்கிறது. தொலைக்காட்சி வந்தது, அடுக்குமாடி வந்தது, கைப்பேசி வந்தது, அதனால் பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் போயிற்று என்பது பெருநகரங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் விளக்கம். நெய்வேலியின் பழைய வீதிகளில் வீடும் தோட்டமும் தெருவும் அரை நூற்றாண்டுக்கு முன்பு இருந்த அமைப்பிலேயே பெரும்பாலும் இருக்கின்றன. அங்கே மாறியிருப்பது வேலை.

1930-களின் நடுவில், ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கறுப்பு நிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டதும், அது பழுப்பு நிலக்கரி எனப்படும் லிக்னைட் என்று பின்னர் உறுதியானதும் நெய்வேலியின் தொடக்க வரலாறு. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் லிக்னைட் வெளிப்பட்டது. மறு ஆண்டே சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. முந்திரித் தோப்பும் பலாவும் மானாவாரிப் பயிரும் நிறைந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துச் செம்மண் நிலத்தில், பல்லாயிரம் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு குடியமர்த்த வேண்டிய தேவை எழுந்தபோது நிறுவனமே கட்டி, நிறுவனமே பராமரித்து, நிறுவனமே வீடு ஒதுக்கும் ஊர் ஒன்று உருவானது. அதுவே நகரியம்.

அந்த ஊரின் வரைபடத்துக்குப் பின்னால் உலகளாவிய ஒரு சிந்தனை இருக்கிறது. அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் ‘அக்கம்பக்க அலகு’ என்னும் கருத்தை முன்வைத்தார். நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில் ஒரு தொடக்கப்பள்ளியும் கடைகளும் விளையாட்டிடமும் இருக்க, வேகமாக வண்டிகள் ஓடும் பெருஞ்சாலைகள் குடியிருப்பை ஊடறுக்காமல் அதன் விளிம்பிலேயே செல்லுமாறு ஊரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தால், அங்கு வாழ்வோர் ஒருவரையொருவர் அறிந்து பழகுவர் என்பது அதன் சாரம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் எழுந்த புவனேஸ்வரம், சண்டிகர் போன்ற திட்டமிட்ட நகரங்களில் இக்கருத்தின் தடம் தெளிவாகத் தெரியும். நெய்வேலியின் ‘வட்டம்’ என்ற பிரிவும் இதே தர்க்கத்தில் அமைந்தது. பேச்சுவழக்கில் பிளாக் எனப்படும் இந்த வட்டங்களுக்கு எண்களே பெயர்கள். முன்பின் அறியாத இருவர் வெளியூரில் சந்தித்து, இருவருக்கும் நெய்வேலி என்று தெரிந்துவிட்டால், முதலில் கேட்டுக்கொள்வது எந்த வட்டம் என்பதைத்தான்.

ஆனால் தெருவை ஒழுங்காகப் போட்டுவிட்டால் மட்டும் உறவு முளைத்துவிடாது. நெய்வேலியில் அது முளைத்ததற்கு வீடு ஒதுக்கப்பட்ட முறையே முதன்மைக் காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது. தமிழ்நாட்டின் கிராமங்களில் ஒருவர் யாருக்குப் பக்கத்து வீட்டாராக இருப்பார் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. ஊர் ஒரு பக்கமும் சேரி மறுபக்கமுமாகப் பிரிந்திருந்த அமைப்பில், சாதி கடந்த அண்டைவீடு என்பதே நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது. நகரியத்திலோ குவார்ட்டர்ஸ் என்று எல்லோரும் சொல்லும் பணியாளர் குடியிருப்பு, பதவித் தரத்தையும் பணிமூப்பையும் பார்த்து ஒதுக்கப்பட்டது. தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவரும் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்தவரும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவரும், உள்ளூர் வன்னியரும் தலித்தும், இந்துவும் கிறித்தவரும் இசுலாமியரும், யாரும் யாரையும் தேர்ந்தெடுக்காமலே ஒரே சுவரின் இரு பக்கங்களில் குடியேறினர். சாதிப் பகைமையின் தழும்புகளைப் பலமுறை சுமந்த ஒரு மாவட்டத்தில் இது சிறிய செய்தி அன்று. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளுக்கு மாமாவாகவோ சித்தப்பாவாகவோ ஆனார். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் பொது மருத்துவமனைக்கு ஓடியவர், அந்தக் குழந்தையின் தந்தை இரவு ஷிப்டில் இருந்த காரணத்தால், பெரும்பாலும் எதிர்வீட்டுக்காரராகவே இருந்தார். இதைக் கொண்டு சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்வது பிழை. திருமணங்கள் பழைய வரம்புக்குள்ளேயே நடந்தன; சாதி போன இடத்தில் பதவி வந்து அமர்ந்ததால், அதிகாரிகளின் பெரிய வீடுகள் ஒரு பக்கமும் தொழிலாளர்களின் சிறிய வீடுகள் மறுபக்கமுமாக வேறொரு பிரிவினையும் ஏற்பட்டது. எனினும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகளின் தலைமுறைக்கு, யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பது ஒரு பொருட்டாகவே இல்லாமல் போனது இந்த ஊரின் மெய்யான சாதனை.

அன்றாட வாழ்க்கையின் பொருள்கள்கூட எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருந்தன. லிக்னைட்டைக் கட்டிகளாக அழுத்தி, கரியாக்கிச் செய்த ‘லெகோ’ என்ற எரிபொருள் நெய்வேலியிலேயே தயாராகி, எரிவாயு பரவலாவதற்கு முந்தைய காலத்தில் சமையலறைகளில் அடுப்பெரித்தது. மெதுவாகப் பற்றி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும் அதன் தணலை ஒரு வீட்டிலிருந்து மறுவீடு வாங்கிப் போவதும் இயல்பாக நடந்தது. தோட்டத்துப் பலாமரத்தில் பழுத்த பெரிய பழம் ஒரே குடும்பத்தால் தின்று தீர்க்கக்கூடியது அன்று என்பதால், கோடைதோறும் சுளைகள் வேலிக்கு மேலாகக் கைமாறின. மூன்று ஷிப்டு முறையில் இயங்கிய ஊர் என்பதால், யார் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார், எந்த வீட்டில் பகலில் ஆள் தூங்குகிறார், எங்கே குழந்தைகள் சத்தம் போடக் கூடாது என்பதெல்லாம் தெருவுக்கே தெரிந்திருந்தது. அமெரிக்க அரசியல் அறிவியலர் ராபர்ட் பட்னம் 2000-இல் வெளியிட்ட நூலால் உலகெங்கும் பரவிய ‘சமூக மூலதனம்’ என்ற சொல் குறிப்பது இதைத்தான்: மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்து, நம்பி, கைமாற்றாகக் கொடுத்து வாங்கிப் பழகுவதால் சேரும் வலிமை, பணத்தைப் போலவே தேவைப்படும் வேளையில் பயன்படுவது.

பொது இடங்களும் இதற்குத் துணை நின்றன. நகரியத்துக்கு முன்பிருந்தே அங்குள்ள வில்லுடையான்பட்டு முருகன் கோயிலின் பங்குனி உத்திரத் திருவிழா, புதிதாக வந்தோரும் சுற்றுக் கிராமத்தாரும் காவடியோடும் பால்குடத்தோடும் ஒன்றுகூடும் நாளாக இன்றும் நீடிக்கிறது. பிற்காலத்தில் எழுந்த நடராசர் கோயிலில், குறைகளை எழுதிப் பெட்டியில் போட்டு மணியடித்து இறைவனிடம் முறையிடும் வழக்கம் ஏற்பட்டது. 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி, லிக்னைட் ஹால் வளாகத்தில் ஆண்டுதோறும் கோடை முடியும் பருவத்தில் நடந்து, சென்னைக்கு வெளியே வாசகர் கூட்டம் திரளும் இடங்களில் ஒன்றாக ஊரின் பெயரை நிறுத்தியது. புகழ்பெற்ற கருநாடக இசைக் கலைஞர் சந்தானகோபாலன் நெய்வேலியைத் தம் பெயருக்கு முன்னால் சூடியிருப்பதைப் பார்க்கும்போது, ஒரு நிறுவனம் கட்டிய குடியிருப்பு ஒரே தலைமுறைக்குள் சொந்த ஊராகிவிட்டது விளங்கும்.

இத்தனையும் யாருடைய நிலத்தின் மேல் நிகழ்ந்தது என்பதை மறைத்துவிட்டு இவ்வரலாற்றைப் பேசுவது நேர்மையாகாது. சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் நிலம் கொடுத்த கிராமங்களிலும் அக்கம்பக்கம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பின்னப்பட்ட அந்த உறவுகள், இழப்பீட்டுக் கணக்கில் எந்த வரியிலும் இடம்பெறாமல் சிதறின. அச்சிதறல் இன்னும் முடியவில்லை என்பதை 2023 ஜூலையில், இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவி வயல்களில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியபோது தமிழ்நாடே பார்த்தது. ஒரு புதிய அக்கம்பக்கத்தின் செழிப்பு, பல பழைய அக்கம்பக்கங்களின் அழிவோடு பிணைந்திருக்கிறது.

நகரியத்தின் கூட்டுணர்வு மிக வலுவாக வெளிப்பட்ட தருணங்களில் ஒன்று 2006. நிறுவனத்தின் பங்குகளில் 10 சதவீதத்தை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது, கட்சி வாரியாகப் பிரிந்து கிடந்த தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து அந்த ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அரசியல் அழுத்தமும் சேர்ந்துகொள்ள, விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. 2013-இல் மீண்டும் பங்கு விற்பனைப் பேச்சு எழுந்து போராட்டம் மூண்டபோது, தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கின. ஒரே முதலாளி, ஒரே சம்பள நாள், ஒரே அச்சம் என்றிருந்த மக்களால் இவ்வாறு ஒன்றுபட முடிந்தது.

அந்த ஒருமைதான் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபதாயிரமாக இருந்த நிரந்தர ஊழியர் எண்ணிக்கை, ஓய்வு பெற்றோரின் இடங்கள் பெரும்பாலும் நிரப்பப்படாததால், பாதியளவுக்கு இறங்கிவிட்டது. 600 மெகாவாட் திறன் கொண்ட முதல் அனல் மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. நகரியத்தில் வீடு யாருக்கும் சொந்தமில்லை. அறுபது வயதில் பணி முடிந்தால் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். முப்பது ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்து, நட்ட மரத்தில் பழம் பறித்தவர்கள் வடலூருக்கும் இந்திரா நகருக்கும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்குமாகப் பிரிந்து செல்லும்போது அத்தெருவின் நினைவும் அவர்களோடு போய்விடுகிறது. முன்பெல்லாம் ஒருவர் போன வீட்டுக்கு இன்னொரு இளம் குடும்பம் வந்து சேர்ந்தது. இன்று பல வீடுகளுக்கு யாரும் வருவதில்லை. வருவோரிலும் அதிகாரிகளாகச் சேரும் இளைஞர்கள் அகில இந்தியத் தேர்வின் வழியே வருகின்றனர். 2022-இல் அத்தேர்வில் தமிழ்நாட்டவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று பெரும் சர்ச்சை எழுந்தது. நிறுவனமே ராஜஸ்தானின் பர்சிங்சர், ஒடிசாவின் தாலபிரா, உத்தரப்பிரதேசத்தின் கட்டம்பூர் என்று விரிந்துவிட்டதால், இவர்களுக்கு நெய்வேலி வாழ்நாள் ஊர் அன்று, சில ஆண்டுகள் தங்கிப்போகும் பணியிடம். மொழியோ மாநிலமோ இங்கே தடை அன்று, ஏனெனில் முதல் தலைமுறையினரும் பல மொழியினரே. அவர்களுக்குக் கிடைத்த நீண்ட காலம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே வேறுபாடு.

இதைவிடவும் ஆழமான பிளவு ஒன்று உண்டு. நிரந்தர ஊழியர் செய்த வேலைகளில் கணிசமான பங்கை இன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் செய்கின்றனர். அவர்களில் நிலம் இழந்த குடும்பங்களைச் சேர்ந்தோரும் பலர். அதே சுரங்கத்தில், அதே தூசியில், அதே ஷிப்டில் உழைத்தாலும், சம்பளம் பல மடங்கு குறைவு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பிப் போவது நகரியத்துக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கும் குடியிருப்புகளுக்கும்தான். பணி நிரந்தரம் கோரி 2014 செப்டம்பரில் அவர்கள் நீண்ட வேலைநிறுத்தம் நடத்தினர். இதற்கு இணையான நிலையை, நெய்வேலியைப் போலவே சோவியத் உதவியுடன் எழுந்த பிலாய் எஃகு நகரத்தில் மானிடவியலர் ஜொனாதன் பாரி பல்லாண்டுகள் ஆராய்ந்து 2020-இல் நூலாக்கினார். சாதியையும் வட்டாரத்தையும் கடந்து நிரந்தரத் தொழிலாளர்களிடையே வளர்ந்த நட்பு, ஒப்பந்தத் தொழிலாளர்களை எட்டவில்லை என்றும், இரு தரப்பும் காலப்போக்கில் இரு வேறு வர்க்கங்களாகவே பிரிந்துபோயின என்றும் அவர் காட்டுகிறார். நெய்வேலியிலும் சாதி வேலியைத் தாண்டிய உறவு, வேலையின் தன்மை போட்ட வேலியைத் தாண்டவில்லை. நகரியத்தின் அக்கம்பக்கம் இன்று சந்திக்கும் மிகக் கடினமான சோதனை, காலி வீடுகளைக் காட்டிலும், இதுவே.

ஆட்சி முறையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஒரு தொழில் நிறுவனமே குடிமை வசதிகளைச் செய்துதரும் இடங்களில் நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று, 74-ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 243-கியூ பிரிவு அனுமதிக்கிறது. நெய்வேலி நகரியத்தின் சாலை, விளக்கு, குடிநீர், துப்புரவு ஆகியவற்றை நிறுவனத்தின் நகர நிர்வாகமே கவனிக்கிறது. 2011 தேர்தல் முதல் நெய்வேலி என்ற பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தாலும், தெருவுக்குப் பொறுப்பான கவுன்சிலர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இல்லை. குழாயில் நீர் வராவிட்டால் அண்டைவீட்டாரைக் கூட்டிக்கொண்டு போய் வாதாட வேண்டிய தேவை எழாமல், ஒரு புகாரோடு காரியம் முடிந்துவிடும் வசதி நல்லதுதான். ஆயினும் வேலை தந்த உறவு தளரும்போது அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும் குடிமை உறவு வளர அவ்வசதி வாய்ப்பளிக்கவில்லை.

பணி ஓய்வு பெற்று வடக்குத்து ஊராட்சியைச் சேர்ந்த இந்திரா நகரிலோ, 2021-இல் நகராட்சியாக உயர்ந்த வடலூரிலோ வீடு கட்டிக் குடியேறியவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் அவர்களே சேர்ந்து மனு எழுத வேண்டியிருக்கிறது. தெருவாரியாக நலச்சங்கம் அமைக்கவும், ஊராட்சித் தலைவரையும் நகர்மன்ற உறுப்பினரையும் நேரில் கேள்வி கேட்கவும் வேண்டியிருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒப்பந்தத் தொழிலாளியாகவோ, நிலம் கொடுத்த குடும்பத்தவராகவோ, கடைக்காரராகவோ இருக்கக்கூடும். வாழ்நாள் முழுவதும் நகரியத்தில் கழித்த பலர், தங்கள் தெருவுக்கான உள்ளாட்சி வாக்கை முதன்முறையாகச் செலுத்துவதும் அங்கேதான்.