நடிகர் திலகத்தின் வேடத் தேர்வும் மெய்ப்பாட்டுக் கொள்கையும்

சிவாஜி கணேசன் (1928–2001), 1952ஆம் ஆண்டு தீபாவளி நாளில் வெளிவந்த ‘பராசக்தி’ தொடங்கி 1999 வரை ஏறத்தாழ 280 திரைப்படங்களில் நடித்தார். அவற்றுள் தமிழ் நடிப்புக்கலையின் உச்சம் எனத் தயங்காது சுட்டத்தக்கனவும் உள. அவரிடம் பேரன்பு பூண்டவரும் மறுமுறை காண விழையாதனவும் உள. ஒரே கலைஞரின் படைப்புகளுக்கிடையே இத்துணை ஏற்றத்தாழ்வு நேர்ந்தமைக்குக் காரணம் யாது என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் இரு விடைகளே கூறப்படுகின்றன. அவர் மிகையாக நடித்தார் என்பது ஒன்று. அவரைப் பயன்கொள்ள அறிந்தார் இலர் என்பது மற்றொன்று. முன்னது குறை காண்பார் கூற்று. பின்னது அன்பர் கூற்று. இரண்டும் வினாவை முடித்து வைப்பனவேயன்றி விளக்குவன அல்ல. அவர் ஏற்ற வேடங்களின் இயல்பை நோக்கி இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், எளிதிற் சொல்லப்படும் சில காரணங்களை ஆராய்ந்து ஒதுக்குதல் வேண்டும். அவர் அளவிறந்த படங்களில் நடித்ததால் தரம் குன்றிற்று என்பர். 1972ஆம் ஆண்டில் அவருடைய படங்கள் ஏழு வெளிவந்தன என்பது உண்மையே. ஆயினும், ‘மனோகரா’, ‘அந்த நாள்’, ‘தூக்குத் தூக்கி’, ‘எதிர்பாராதது’ ஆகியவை வெளிவந்த 1954ஆம் ஆண்டிலும் அவர் நடித்த படங்கள் ஏழுக்குக் குறைந்தனவல்ல. அவ்வாண்டை எவரும் வீழ்ச்சியின் ஆண்டு எனக் கூறார். பிறமொழிக் கதைகளைத் தழுவியமையே குறை என்பாரும் உளர். ‘ஓடையில் நின்னு’ என்னும் மலையாளக் கதையைத் தழுவிய ‘பாபு’ (1971) அவர்தம் சிறந்த வேடங்களுள் ஒன்று என்பதால் அக்காரணமும் நில்லாது. அகவை முதிர்ந்தமையைக் காட்டுவாரும் உளர். அவர்க்கு விடை ‘முதல் மரியாதை’; அதனைப் பின்னர்க் காண்போம்.

இனி, இவ்வாய்வுக்குத் துணையாகும் கருவி நம் இலக்கணத்திலேயே உளது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலாக மெய்ப்பாடு எட்டு என்று கூறுவதும், அவை முப்பத்திரண்டாக விரிவதும் அறிஞர் அறிந்தனவே. ஒவ்வொன்றும் நால்வகைப்பட்டு நிற்றலின் எட்டு முப்பத்திரண்டாயின என உரையாசிரியர் விளக்குவர். சுவைக்கப்படும் பொருள், அதனால் எழும் சுவையுணர்வு, உள்ளத்து நிகழும் குறிப்பு, அக்குறிப்பு உடலிற் புலப்படும் விறல் என்பன அந்நான்கு. அச்சத்திற்குப் புலியை எடுத்துக்காட்டாகக் கூறுதல் உரை மரபு. புலி பொருள், அதனைக் கண்டவன் கொள்ளும் அச்சம் சுவை, ஓடி ஒளிய எண்ணும் மனநிலை குறிப்பு, நடுக்கமும் வியர்வையும் விறல். (விறல்பட ஆடுதலின் விறலி எனப் பெயர் வந்தது என்பர். நடிப்பு என்பதன் புறநிலை இலக்கணமே அப்பெயரில் அடங்கியுள்ளது.)

சிவாஜி கணேசன் விறலிற் குறைந்தவர் என அவர்தம் பகைவரும் சொல்லார். சிறுவர் நாடகக் குழுவிற் பயின்று, பெண் வேடமும் தாங்கி, பேரறிஞர் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய வேந்தனாக நடித்துப் பெரியாரால் ‘சிவாஜி’ எனப் பெயர் பெற்றவர் அவர். கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் முகக்குறிப்பும் குரலும் எட்ட வேண்டும் என்பது அம்மேடை கற்பித்த பாடம். ஆகவே விறல் அவரிடம் என்றும் நிறைந்தே இருந்தது. மாறி மாறி அமைந்தது முதல் உறுப்பாகிய பொருளே. கதை அவர்முன் ஒரு புலியை நிறுத்தியபோது அவருடைய நடுக்கம் நம்மையும் நடுக்கிற்று. புலியே இல்லாத இடத்தும் அவர் நடுங்க வேண்டியிருந்தபோது அதனையே மிகை என்றோம். இது யாம் கொள்ளும் கருத்து.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) இதற்குத் தெளிவான சான்று. குரலின் ஓங்குதலையும் கையின் வீச்சையும் அளந்து நோக்கின் அவர்தம் படங்களுள் இதனினும் மிகுந்த நடிப்பைக் காண்டல் அரிது. ஆயினும் இதனை மிகை என்பார் சிலரே. எதிரே ஜாக்சன் நிற்கிறான். அவன் பின்னே ஒரு பேரரசின் பீரங்கி நிற்கிறது. குரல் ஓங்குதற்குரிய பொருள் கண்முன் உளது. முன்னரே மேடையில் நடித்துத் தேர்ந்த வேடமாதலால், எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்பதும் அவர்க்குத் தெளிவாயிருந்தது. 1960இல் கெய்ரோவில் நிகழ்ந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் தமிழறியா நடுவர் அவருக்குச் சிறந்த நடிகர் விருது வழங்கினர். உரையாடலின் சொல்லழகு மட்டுமே அப்படத்தின் ஆற்றலாயின் அவ்விருது கிட்டியிராது.

தொடக்க ஆண்டுகளில் அவர் வேடங்களைத் தேர்ந்த துணிவு இன்று நினைப்பினும் வியப்பளிப்பது. ‘திரும்பிப் பார்’ (1953) படத்தில் காமுகன். ‘ரங்கூன் ராதா’வில் (1956) மனைவியைப் பித்துடையாள் என நம்பவைத்து அவள் தங்கையை மணக்கச் சூழும் கொடியோன். பாட்டும் ஆடலும் இன்றி எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில், சென்னை மீது சப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டுக் காலத்தே, பகைவர்க்கு உளவு சொல்லும் வானொலிப் பொறியாளன். படம் தொடங்கும்போதே அவன் பிணமாகக் கிடக்கிறான். கொன்றவள் மனைவி என்பது முடிவில் தெரிகிறது. திரைக்கு வந்து ஈராண்டே ஆன ஒரு கதைத்தலைவர், நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக நடிக்க இசைந்தார். அன்று அவருக்குக் காக்க வேண்டிய உருவம் ஒன்றும் இல்லை. கதை முன்னரே இருந்தது, அவர் அதனுட் புகுந்தார்.

பின்னர் நிலை மாறிற்று. பீம்சிங் இயக்கிய ‘பாகப்பிரிவினை’ (1959), ‘பாசமலர்’ (1961) முதலிய குடும்பக் கதைகள் அவரை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தன. அப்படங்கள் சிறந்தனவே, ஊனமுற்ற கையும் தங்கையின் வாழ்வும் அவற்றில் மெய்யான பொருள்களாக நின்றன. ஆனால் அவற்றின் வெற்றியால் மக்கள் அவர் அழக் காணவும் அவர் முழங்கக் கேட்கவும் அரங்கிற்கு வரலாயினர். அது முதல், கதைக்கு நடிகரைத் தேடும் முறை தளர்ந்து, நடிகரின் விறலுக்கு இடம் தரும் வண்ணம் கதையைச் சமைக்கும் முறை வளர்ந்தது. ‘பாசமலர்’ வெளிவந்த அதே 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ வணிகத்தில் வெற்றி பெறாமற் போனது ஈண்டுக் கருதத்தக்கது. சிறையினின்று மீளும் சிதம்பரனாரை எதிர்கொள்ளக் கூட்டம் இல்லை. அவ்வெறுமையை நோக்கும் நடிகர் முகத்தில் ஏறத்தாழ ஒன்றும் நிகழவில்லை. அவருடைய நடிப்பில் இதனினும் உயர்ந்த கணங்கள் மிகச் சிலவே என்பது எம் துணிபு. அந்த அடக்கத்திற்கு அன்று விலை கிடைக்கவில்லை. அத்தகைய வேடங்களைத் தேடிச் செல்லப் படமுதலாளிகள் தயங்கியதில் வியப்பில்லை. பந்துலு பெரும்பொருட்செலவில் எடுத்த ‘கர்ணன்’ (1964) 2012இல் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரைக்கு வந்தபோது இளைஞரும் திரண்டு கண்டனர். காலம் சில கணக்குகளைத் திருத்தி எழுதுகிறது. ஆனால் அத்திருத்தம் நடிகர் வாழ்நாளில் அவருக்குப் பயன்படவில்லை.

இக்கொள்கைக்கு மாறாக ‘நவராத்திரி’யை (1964) எடுத்துக்காட்டலாம். அவரது நூறாவது படம். ஒன்பது சுவைக்கு ஒன்பது வேடம். விறலைக் காட்டுதற்கே சமைத்த படம் என்பதில் ஐயமில்லை. அஃது எங்ஙனம் வென்றது? வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணாகச் சாவித்திரி அங்கு இருக்கிறார். ஒவ்வோர் இரவும் ஓர் அறியா ஆடவனைக் காணும் அவருடைய அச்சமும் இரக்கமுமே கதையின் பொருள். ஒன்பது வேடங்களையும் கோக்கும் நூல் அவரே. உண்மையில் அப்படத்தை நடிகையின் படம் என்று கூறினும் தவறாகாது.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வேறு வகையிற் படிப்பினை தருவது. நாகசுர வித்துவான் வேடம். இசையோ மதுரைச் சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறந்தாருடையது. வாயிற் கருவியை வைத்தவன் பேச இயலாது. அவருடைய முதற் படைக்கலமாகிய சொல்லை அவ்வேடமே பறித்துக்கொண்டது. எஞ்சியவை கன்னமும் புருவமும் கண்ணும். மோகனாவின் ஆடலை மறைந்து நின்று காணும் இடத்தில் செருக்கும் வேட்கையும் அக்கண்களில் மாறி மாறித் தோன்றுதலை நோக்குக. தடை ஒன்று நேரும்போதே அவர் கலை கூர்மை பெற்றது.

ஒரே படத்துள்ளேயே இவ்வேறுபாட்டைக் காண விரும்புவோர் ‘கௌரவம்’ (1973) காண்க. நீதிபதி பதவி கிட்டாது புண்பட்ட பாரிஸ்டர் ரஜினிகாந்த், அவர் வளர்த்த கண்ணன் என இருவராகவும் அவரே தோன்றுகிறார். நரைத்த தலையும் வாயிற் புகைக்குழாயுமாக நடக்கும் முதியவர் இன்றும் நினைவில் நிற்கிறார், கண்ணனோ மங்கிவிடுகிறான். நடிகர் ஒருவரே, ஒப்பனைக்கு உழைத்த நாளும் ஒன்றே. முதியவர்க்கு இழப்பு ஒன்று உண்டு. இளையவனுக்கு நல்லொழுக்கம் மட்டுமே உண்டு. நல்லொழுக்கம் நடித்துக் காட்டற்கு எளிய பொருளன்று. ஓய்வு பெற்றுப் பெருமையிழக்கும் ‘வியட்நாம் வீடு’ (1970) பத்மநாப ஐயர்க்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

அகவை பற்றிய வினாவிற்கு இனி வருவோம். 1966இல் ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’யாகப் பல மக்களைப் பெற்ற முதுதந்தை வேடம் தாங்கியபோது அவருக்கு அகவை 37. தம் மகளிர் அகவையினராகிய நடிகையரோடு காதலராக ஆடிப்பாடிய பல படங்களின்போது ஐம்பதைக் கடந்திருந்தார். முதுமையை இளமையில் விரும்பி ஏற்றவர், முதுமை வந்தபோது இளமையைத் தாங்கினார்! இதனைத் தனி ஒருவர் பிழை என்று மட்டும் கூறல் நேர்மையன்று. 200ஆவது படமாகிய ‘திரிசூலம்’ (1979) மூன்று வேடங்களோடு பெருவெற்றி பெற்றது. அவ்வெற்றியே அத்தகைய பல படங்களுக்கு வழி திறந்தது. நெடுங்காலம் பிரிந்த மனைவியோடு அவர் தொலைபேசியிற் பேசும் காட்சி அப்படத்தில் புகழ் பெற்றது, நகைப்புக்கும் இடமாயிற்று. பிரிவின் நீட்சி நமக்குச் சொல்லப்பட்டதேயன்றிக் காட்டப்படவில்லை. ஆகவே புலியையும் நடுக்கத்தையும் அவர் ஒருவரே உண்டாக்க வேண்டியதாயிற்று. அரங்கில் நகைத்தாருள் யாமும் ஒருவரே. இன்று மீண்டும் காணுங்கால், வெற்றிடத்தை நிரப்ப ஒரு பெருங்கலைஞர் படும் பாடு கண்ணிற் பட்டு நகையை அடக்குகிறது.

ஆறாண்டு கழித்துப் பாரதிராசா ‘முதல் மரியாதை’யில் (1985) அவருக்கு அவர்தம் அகவையையே கொடுத்தார். மலைச்சாமி ஊர்ப்பெரியவர், கடிந்துரைக்கும் மனைவியோடு பெயரளவில் இல்லறம், பரிசல் ஓட்டும் குயில் என்னும் பெண்ணிடம் சொல்லவொண்ணாத அன்பு. சொல்லவொண்ணாமையே ஈண்டுப் பொருள். முழங்கினால் அவ்வன்பு அழியும். ஆதலால் அவர் முழங்கவில்லை. நாற்பதாண்டு பயின்ற விறல் முழுதும் உள்ளே ஒடுங்கி, ஒரு சிரிப்பிலும் ஒரு திரும்பலிலும் வெளிப்படுகிறது. ‘தேவர் மகன்’ (1992) படத்தில் பெரிய தேவராக அவர் தோன்றுவது முற்பகுதியில் மட்டுமே. எனினும் அவர் இறந்த பின்னும் படம் முழுதும் அவரே நிறைந்துள்ளார். மகன் ஊரை விட்டுச் செல்ல விழைவதைக் கேட்டு அமர்ந்திருக்கும் தந்தையிடம் சினம், ஏமாற்றம், பாசம் மூன்றும் ஒருங்கே நிற்கின்றன. எதுவும் மற்றொன்றை மீறவில்லை.

இவ்விரு படங்களுக்கும் இடையிலும் அவர் பல சாதாரணப் படங்களில் நடித்தார் என்பதை மறைத்தல் ஆகாது. முன்னைய பழக்கத்தை அவர் முற்றும் விட்டார் அல்லர். அழைப்பவர் எத்தகையர், கதை எத்தகையது என்பதைப் பொறுத்தே அவர்தம் நடிப்பு உயர்ந்தும் தாழ்ந்தும் நின்றது. 1979க்கும் 1985க்கும் இடைப்பட்ட படங்களை ஒருசேர ஒதுக்குதலே இன்றைய வழக்கு. அவற்றைக் காட்சி காட்சியாகப் பகுத்து, எங்கே பொருள் நின்றது, எங்கே விறல் மட்டும் தனித்து நின்றது என அட்டவணைப்படுத்தும் பணி எஞ்சியுள்ளது. அப்பணிக்கு மாணவர் இருவர் மூவரேனும் முன்வருதல் வேண்டும்.