பள்ளியில் பிள்ளைக்குப் பிரச்னை: ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது? சட்டம் என்ன சொல்கிறது?

"ஸ்கூல்ல போய் கேட்டா, அந்தக் கோபத்தைப் பிள்ளை மேல காட்டிடுவாங்களோ?" இந்தப் பயத்தில் பல பெற்றோர் வாய் திறப்பதில்லை. சிலரோ பொறுத்துப் பொறுத்து, ஒருநாள் பள்ளியில் போய்ச் சத்தம் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பிள்ளைக்கு உதவாது. அப்படியென்றால் எப்படிக் கேட்பது?

கேட்பது உரிமையா?

ஆம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்கிறது அதன் 24-வது பிரிவு. எனவே, நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

எப்போது பேசலாம்?

காலை மணி அடிக்கும் நேரத்தில் வகுப்பு வாசலில் நிறுத்திக் கேட்டால் பதில் கிடைக்காது. டைரியில் இரண்டு வரி எழுதி நேரம் கேளுங்கள். வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் வேண்டாம். அங்கே போட்டால் உங்கள் பிள்ளையின் பிரச்னை எல்லா வீடுகளுக்கும் போய்விடும்.

என்ன பேசுவது?

முதலில் பிள்ளையிடம் பொறுமையாகக் கேளுங்கள்: என்ன நடந்தது, எப்போது, யார் பக்கத்தில் இருந்தார்கள்? தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

"நீங்க சரியாவே சொல்லித்தர மாட்டேங்கிறீங்க" என்று ஆரம்பித்தால், ஆசிரியர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். "டீச்சர், ரெண்டு வாரமா கணக்குப் பாடம் இருக்கிற நாள்ல மட்டும் வயிறு வலிக்குதுன்னு சொல்றான். வகுப்புல எப்படி இருக்கான்?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருக்கலாம்.

ஒரு சந்திப்பில் ஒரு பிரச்னை போதும். ஆசிரியர் என்ன செய்வார், வீட்டில் நீங்கள் என்ன செய்வீர்கள், மறுபடி எப்போது பேசுவது என்பதை முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். பேசியதை அன்றே டைரியில் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். பிறகு தேவைப்பட்டால் அதுவே ஆதாரம்.

பலன் இல்லையென்றால்?

அடுத்தது தலைமை ஆசிரியர். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவும் உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2024-25 யுடைஸ் பிளஸ் தரவுப்படி, நாட்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் உள்ளன. அங்கே ஆசிரியரைத் தாண்டி முறையிட, பள்ளிக்குள் வேறு ஆசிரியரே இல்லை. இந்தக் குழுதான் வழி.

உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயமில்லை. அங்கே முதல்வருக்கும் நிர்வாகத்துக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

சட்டம் தரும் உரிமை மீறப்பட்டால், எந்தப் பள்ளியானாலும் 32-வது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். 3 மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது?

அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் 17-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. அப்படி நடந்தால் நேராகத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் பள்ளிக்குள் 'பேசி முடிப்பது' கூடவே கூடாது. போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

பிள்ளை மேல கோபத்தைக் காட்டினால்?

கேள்வி கேட்டதற்காக ஒரு பிள்ளையை வகுப்பில் அவமானப்படுத்தினால், அதுவும் 17-வது பிரிவு தடுக்கும் மனரீதியான துன்புறுத்தல்தான். அதை நிரூபிக்க, முன்பு என்ன பேசினீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். டைரியில் எழுதும் அந்த இரண்டு வரிகளைத் தவறவிடாதீர்கள்.