பின் சீட்டில் போகிறவருக்கு ஹெல்மெட் எதற்கு? இருசக்கர வாகன விபத்துகளில் நடப்பது என்ன?

காலை எட்டரை மணிக்கு எந்த ஊர் சிக்னலில் நின்று பார்த்தாலும் இந்தக் காட்சி தப்பாது. வண்டி ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டிருப்பார். பின்னால் மனைவியோ அம்மாவோ வெறும் தலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். மடியில் பை, நடுவில் குழந்தை. கேட்டால், "பக்கத்துல தானே போறோம்... ஓட்டுறவரைத்தானே போலீஸ் புடிக்கும்" என்று பதில் வரும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அதே ஆண்டில் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

பின்னால் இருப்பவர் ஏன் எளிதில் விழுகிறார்?

ஓட்டுபவர் கையில் ஹேண்டில்பார் இருக்கிறது. பள்ளம் வருவதும் தெரிகிறது. பிரேக் பிடிக்கப் போவது அவர்தான் என்பதால், உடம்பு தானாகவே அதற்குத் தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு இது எதுவும் இல்லை. குறுக்கே நாய் ஓடினாலோ, வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையில் வண்டி ஏறினாலோ, அடுத்த நொடி அவர் தரையில் கிடப்பார்.

ஒருபக்கமாக உட்காரும்போது ஆபத்து இன்னும் அதிகம். பிடிமானம் குறைவு, உடம்பின் எடையும் ஒரு பக்கமே சாய்கிறது. வண்டி தூக்கிப்போட்டால் பின்பக்கமாக விழுந்து, பின்மண்டை நேராகத் தார்ச்சாலையில் மோதும். சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்குவது, ஓடும் வண்டியில் குடை விரிப்பது, தூக்கக் கலக்கத்தில் பிடி தளர்வது ஆகியவையும் வழக்கமான காரணங்கள்.

"முப்பதுலதான் போனோம்" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. பின் சீட்டில் இருப்பவரின் தலை தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து கெட்டித் தரையில் தலை மோதினாலே மண்டை ஓடு உடையலாம். அதோடு வண்டியின் வேகமும் சேர்ந்துகொள்கிறது.

எங்கெல்லாம் அடிபடும்?

கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டும் காறை எலும்பும் முறியலாம். வண்டி மேலே சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். குழந்தைகளின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிதைவதும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை நாளடைவில் ஆறிவிடும். தலைக்காயம் அப்படியில்லை.

தலை மோதி நின்றாலும், உள்ளே இருக்கும் மூளை அதே வேகத்தில் போய் மண்டை ஓட்டின் உட்புறத்தில் இடிக்கிறது. ரத்தக்குழாய் கிழிந்தால் உள்ளேயே ரத்தம் கசியும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது என்பதால், கசிகிற ரத்தம் மூளையை நசுக்கத் தொடங்கும்.

"நல்லாத்தானே பேசிட்டு இருந்தாங்க..."

உள்கசிவு சில நேரம் மெதுவாகத்தான் சேரும். விழுந்தவர் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல, போலாம்" என்பார். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு நிலைமை மோசமாகும். வெளியே ரத்தம் இல்லை, அதனால் உள்ளே காயமும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு, காது மூக்கில் ரத்தமோ நீரோ வடிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவின்படி, நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் என்ற வேறுபாடு கிடையாது. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, 40 கி.மீ. வேக வரம்பு என்று விதி இருக்கிறது. பின் சீட்டில் இருப்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, துணி சிக்காதபடி பின்சக்கரத்துக்கு மறைப்பு ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். வாரைத் தாடையோடு பூட்டாவிட்டால், விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் கழன்று ஓடிவிடும். கொண்டையும் பூவும் வைத்தால் ஹெல்மெட் ஏறாது என்பது பெண்கள் சொல்லும் நியாயமான சிரமம். தழையப் பின்னிக்கொண்டு, பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விபத்தைப் பார்த்தால்?

முதலில் 108-ஐ அழையுங்கள். அடிபட்டவரைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் நிலைமை விபரீதமாகும். தண்ணீர், சோடா எதுவும் புகட்ட வேண்டாம். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

"உதவினா கேஸுல மாட்டிக்குவோம்" என்ற பயம் தேவையில்லை. 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவரும் இதில் அடக்கம்.

உங்கள் வண்டிக்கு எத்தனை ஹெல்மெட் இருக்கிறது? ஒன்றுதான் என்றால், அடுத்த முறை வீட்டில் யாரையாவது ஏற்றிக்கொள்வதற்கு முன்பு இன்னொன்று வாங்கிவிடுங்கள்.